பன்னிரண்டு எதற்கு? மூன்று போதும்!

பள்ளி திறக்கும் வாரம். ஜொகூர் பாரு, குளுவாங், மூவார் என்று எந்த ஊராக இருந்தாலும் எழுதுபொருள் கடைகளில் ஒரே காட்சிதான். சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, ஆசிரியர் கொடுத்த பட்டியலின் கடைசி வரிக்கு ஒரு தாய் வந்து நிற்பார். 'வர்ணத் தூரிகை' என்று மட்டும் அதில் இருக்கும். என்ன அளவு, எந்த வகை, எத்தனை என்று ஒன்றும் இருக்காது. கொக்கியில் 12 தூரிகைகள் அடங்கிய பிளாஸ்டிக் உறை தொங்கும். பக்கத்திலேயே ஒற்றைத் தூரிகை ஒன்று, ஏறத்தாழ அதே விலையில் இருக்கும். 'ஒன்றுக்கு இவ்வளவு காசா? இங்கே பன்னிரண்டு கிடைக்கிறதே!' என்று உறையைக் கூடையில் போட்டுவிட்டுப் போவார். யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

மூன்றாவது வாரம் முடி உதிரத் தொடங்கும். வானம் தீட்டிய இடத்தில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை அதை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்க்கும், தாள் கிழியும். மெல்லிய கிளை ஒன்று வரையலாம் என்று முனையை வைத்தால் இரண்டாகப் பிரிந்து இரட்டைக் கோடு விழும். பக்கத்து மேசைப் பிள்ளையின் படம் சுத்தமாக இருக்கும். 'எனக்கு வரைய வராதும்மா' என்று வீட்டில் வந்து சொல்லும். பெற்றோரும் அதை நம்பிவிடுவார்கள். குற்றம் தூரிகையில், பழி பிள்ளையின் கையில். மலிவுத் தூரிகையில் ஏற்படும் பெரிய நஷ்டம் இதுதான். அது பண நஷ்டம் அல்ல.

பணமும் சின்ன விஷயமல்லதான். 2023-ஆம் ஆண்டு முதல் குடும்ப வருமானத்தைப் பாராமல் மாணவர் ஒவ்வொருவருக்கும் தொடக்கப் பள்ளி உதவியாக 150 வெள்ளி வழங்கப்படுகிறது. காலணிக்கும் சீருடைக்கும் பைக்கும் போனபிறகு அதில் என்ன மிஞ்சும் என்று இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கேட்டால் தெரியும். ஆகவே விலை உயர்ந்ததை வாங்குங்கள் என்று சொல்வது யாருக்கும் பயன்படாத யோசனை. அதே காசை எப்படிச் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

அதற்குத் தூரிகை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தூரிகைக்கு மூன்று பாகங்கள்: முடி, அதைப் பிடித்திருக்கும் உலோகப் பூண், கைப்பிடி. நல்ல விலங்கு முடி ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் சற்றுத் தடித்தும் நுனியில் ஊசிபோல மெலிந்தும் இருக்கும். இப்படிப்பட்ட முடிகளை நுனியெல்லாம் ஒரே இடத்தில் கூடும்படி கட்டினால், நனைந்தவுடன் அவை சேர்ந்து ஒரே கூர்முனையாகும். தடித்த நடுப்பகுதியில் முடிகளுக்கிடையே உள்ள இடைவெளியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கையை அழுத்த அழுத்த அது கீழே இறங்கும். ஒருமுறை தோய்த்தால் நீண்ட கோடு ஒன்றை விட்டுவிடாமல் இழுக்க முடிவது இதனால்தான்.

மலிவான தூரிகையின் நைலான் இழையோ அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன். மீன்பிடி நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளலாம். அதில் முனை கூடாது, தண்ணீரும் நிற்காது. அதனால் கடைசியில் கத்தரியால் வெட்டி முனைபோலச் செய்துவிடுகிறார்கள். நல்ல தூரிகை செய்பவர்கள் நுனியைக் கத்தரியால் தொடவே மாட்டார்கள். ஆகவே நுனி வெட்டுப்பட்டதா, இயற்கையாக மெலிந்ததா என்று உற்றுப் பார்ப்பது முதல் சோதனை. செயற்கை இழை என்றாலே மட்டம் என்பது பழைய கதை. 1938-இல் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்தது பல்துலக்கியின் தூரிகை இழையாகத்தான். அன்று அது முரட்டு இழை. இன்று நுனி மெலிந்த செயற்கை இழைகள் செய்கிறார்கள். நடுத்தர விலையிலேயே அவை கிடைக்கின்றன. குறைந்த காசு உள்ளவர் தேட வேண்டியது இவற்றைத்தான்.

விலங்கு முடி என்று வந்தால் கடையில் எழுதியிருக்கும் பெயர்களை நம்பக்கூடாது. 'கேமல் ஹேர்' என்று போட்டிருக்கும் தூரிகையில் ஒட்டகத்தின் ஒரு முடிகூட இருக்காது. அணில், மட்டக்குதிரை, ஆடு என்று கைக்குக் கிடைத்த முடிக்கு வைத்த வியாபாரப் பெயர் அது. சீன எழுத்துக்கலைத் தூரிகையில் 'ஓநாய் முடி' என்றொரு வகை உண்டு. அது ஓநாய் அல்ல, மரநாயினத்தைச் சேர்ந்த சிறு விலங்கான சைபீரிய வீசலின் வால் முடி. உலகிலேயே விலை உயர்ந்தது என்று சொல்லப்படும் 'கோலின்ஸ்கி சேபிள்' தூரிகையிலும் சேபிள் கிடையாது. அதுவும் இதே சைபீரிய வீசல்தான். 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்தது என்று லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் பெருமை பேசும் தூரிகையும் அந்த வால் முடிதான். அதன் ஒற்றைத் தூரிகை விலையில் ஒரு பிள்ளையின் பள்ளிக் காலணியே வாங்கிவிடலாம். பள்ளிப் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

இன்னொரு முடி இருக்கிறது. கெட்டியான வர்ணத்துக்கும் சுவர்ச் சாயத்துக்கும் உலகம் முழுவதும் பயன்படும் 'பிரிசில்' என்ற முரட்டு ரோமம் பன்றியுடையது. மலேசியாவில் இது வெறும் ஓவிய விஷயம் அல்ல. பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தால் செய்த பொருளாக இருந்தாலும் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், மற்றப் பொருள்களோடு கலக்காமல் தனியே வைத்து விற்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் ஓர் ஆணை வந்தது. 2017 பிப்ரவரியில் உள்நாட்டு வாணிபம், பயனீட்டாளர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் அதிகாரிகள் நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தி, பன்றி ரோமம் என்று சந்தேகிக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். அடையாளம் போடாமல் விற்றதுதான் குற்றம்.

பள்ளியில் தூரிகை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். மலாய்த் தோழி ஒருத்தி 'கொஞ்சம் கொடு' என்று வாங்குவாள். முனையைக் கூர்மையாக்க உதட்டில் வைக்கும் பழக்கமும் சில பிள்ளைகளுக்கு உண்டு. எந்தத் தூரிகையானாலும் அது கூடாது. இந்தச் சங்கடமெல்லாம் செயற்கை இழையில் இல்லை. சைவக் குடும்பங்களுக்கும் அது நிம்மதி. சந்தேகமான பழைய தூரிகை வீட்டில் இருந்தால் ஒரே ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டலாம். பெரியவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். விலங்கு முடி கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வீசும். விரலால் நசுக்கினால் தூளாகும். செயற்கை இழை உருகி, நுனியில் சிறு மணிபோலத் திரளும். கடைக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்து திட்டு வாங்கவேண்டாம்.

தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே தூரிகை மலிவு என்று பிள்ளைகளுக்குக் கட்டாக வாங்கி வருவது உண்டு. இந்தியாவில் கீரியின் முடியால் நயமான தூரிகை செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரியைக் கொல்வதும் அதன் முடியை விற்பதும் குற்றம். இருந்தும் வியாபாரம் மறைவாக நடந்தது. 2019 அக்டோபரில் இந்திய வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் ஒரே நேரத்தில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. தூரிகைத் தொழிலுக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட்டும் அதில் அடக்கம். கிலோ கணக்கில் முடி பிடிபட்டது. தூரிகைகளோ ஆயிரக்கணக்கில். ஒரு கீரியிலிருந்து கிடைக்கும் நல்ல முடி மிகக் கொஞ்சம். ஒரு கிலோ சேர்க்க எத்தனை உயிர் என்று எண்ணிப் பார்த்தால் தூரிகையைத் தொடவே மனம் வராது. ஒரே முடியில் வெளிறிய நிறமும் கருமையும் பட்டை பட்டையாக மாறி மாறி வந்தால் அது கீரி முடியாக இருக்கக்கூடும். மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தியக் கீரி சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கிறது. எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி கடைக்கு வருவோம்.

புதுத் தூரிகையின் முனை கூர்மையாக, விறைப்பாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. வழியில் கலையாமல் இருக்கத் தடவிய பசை அது. பசை கரைந்தபிறகு தெரிவதுதான் உண்மை முகம். கடைக்காரரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். ஓவியப் பொருள் மட்டும் விற்கும் கடைகளில் மறுக்கமாட்டார்கள். சிலர் அதற்கென்றே குவளை வைத்திருப்பார்கள். தூரிகையை நன்றாக நனைத்து, பசையைக் கரைத்து, மணிக்கட்டைச் சட்டென்று ஒருமுறை உதறவேண்டும். முடியெல்லாம் ஒன்றுகூடி ஒரே முனையாக நின்றால் நல்லது. இரண்டு மூன்றாகப் பிரிந்து நின்றால் அதை வைத்துவிட்டு அதே வகையில் இன்னொன்றை உதறிப் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே எண், ஒரே விலை. ஆனாலும் ஒன்று போல இன்னொன்று இருக்காது. பிறகு ஈர முனையை உள்ளங்கையில் லேசாக வளைத்து விடவேண்டும். நிமிர்ந்து பழைய இடத்துக்கு வந்தால் துள்ளல் உண்டு. வளைந்தது வளைந்தபடி கிடந்தால் கோடு பிள்ளையின் சொல் கேட்காது.

பேரங்காடியிலும் இரவுச் சந்தையிலும் தண்ணீர் கேட்க முடியாதுதான். அங்கே பூணைப் பிடித்துக் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கலாம். ஆடினால் வேண்டாம். பூணில் பொருத்து வாய் திறந்திருக்கிறதா, கைப்பிடியோடு சேரும் இடத்தில் இரண்டு மூன்று வரி அழுத்தம் கொடுத்து இறுக்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். முடியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் ஓரிரண்டு வருவது சகஜம். கொத்தாக வந்தால் அங்கேயே விட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் ஒன்றே ஒன்று வாங்கி, வீட்டில் நனைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் மற்றதை வாங்கலாம். உறையோடு 12 வாங்கினால் இந்த வசதி இல்லை.

எண்ணைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு குழப்பம் உண்டு. தூரிகை எண்களுக்கு உலகப் பொது அளவு கிடையாது. ஒருவருடைய 8-ஆம் எண் இன்னொருவருடைய 6 போல இருக்கும். ஆசிரியர் 8 என்று சொன்னால் பழைய தூரிகையைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நிச்சயம்.

எத்தனை தேவை? நீர்வர்ணமும் போஸ்டர் வர்ணமும் பயன்படுத்தும் பிள்ளைக்கு மூன்று போதும். 8 அல்லது 10-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று. பணத்தில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போகவேண்டும். அரை அங்குல அகலத் தட்டைத் தூரிகை ஒன்று. சுவரொட்டியில் எழுத்துக்கும் நேர்விளிம்புக்கும் இதுதான் கை கொடுக்கும். மூன்றாவது, வானமும் கடலும் தீட்ட ஓர் அங்குல அகலத் தூரிகை. இதை ஓவியக் கடையில் வாங்கவேண்டிய கட்டாயமே இல்லை. இரும்புச் சாமான் கடையில் வார்னிஷ் அடிக்க விற்கும் மென்மையான செயற்கை இழைத் தூரிகை போதும். முதல் நாள் கழுவி, உதிர்கிற முடி உதிர்ந்தபிறகு கொடுத்தால் ஆண்டு முழுவதும் உழைக்கும்.

'நுணுக்கமான இடத்துக்கு ஒரு சின்னத் தூரிகை வேண்டாமா?' என்று பெற்றோர் கேட்பார்கள். பெரிய தூரிகைக்கு நல்ல முனை இருந்தால் கண்ணிமை வரைக்கும் அதுவே வரையும். 0, 1 என்ற எண்களில் வரும் சிறு தூரிகைகளில் தண்ணீர் நிற்காது. இரண்டு கோடு இழுப்பதற்குள் வறண்டுவிடும். தேய்வதும் அவைதான் முதலில். 12 தூரிகை உறையைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் இந்தச் சிறு எண்கள்தான் இருக்கும். ஒன்றாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் தூரிகையைத் தாளில் குத்தித் தேய்ப்பார்கள். அந்த வயதின் சந்தோஷம் அது. தடித்த கைப்பிடியோடு மலிவாக ஒன்று இருந்தால் போதும். நல்ல தூரிகை நாலாம் ஆண்டுக்கு மேல்தான். எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக்கலைக் கல்வி எடுக்கும் மாணவருக்கு அது அவசியம்.

அக்ரிலிக் வர்ணத்துக்கு மட்டும் தனித் தூரிகை வைத்துக்கொள்ள வேண்டும். அது காய்ந்தால் பிளாஸ்டிக்காகிவிடும். பூணின் அடியில் ஒருமுறை இறுகிவிட்டால் முடி விரிந்தே கிடக்கும். பிறகு எந்தக் கழுவலும் அதை மீட்காது. அக்ரிலிக் தொட்ட தூரிகை நீர்வர்ணத்துக்குத் திரும்ப வரக்கூடாது என்பதை வீட்டில் சட்டமாகவே வைக்கலாம்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. ஓவியப் பொருள் வகை அங்கே அதிகம், தரமும் நன்று. ஆனால் டாலரை வெள்ளியாக்கிப் பார்த்தால் இலாபம் பெரிதாக இருக்காது. மலிவுவிலைக் கழிவு நேரம் தவிர, பாலம் தாண்டிப் போய்த் தூரிகை வாங்குவதில் பொருள் இல்லை. அதைவிட உள்ளூர்ச் சீனப் புத்தகக் கடைகள் பலருக்குத் தோன்றாத இடம். ஆட்டு முடியில் அகலமான தூரிகைகள் அங்கே கிடைக்கும். ஈரத் தாளில் வானம் தீட்ட அவற்றுக்கு இணை இல்லை. மூங்கில் கைப்பிடியில் முடியைப் பசை வைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஊறவைத்தால் தலை கழன்றுவிடும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய தூரிகை ஒரே மாதத்தில் கெடுவதும் உண்டு. காரணம் ஒன்றுதான்: தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிற்க வைப்பது. முனை அடியில் மோதி வளைகிறது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. தெரியாதது, தண்ணீர் பூணுக்குள் ஏறி மரக் கைப்பிடியை ஊதவைக்கிறது என்பது. ஊதிய மரம் மேலே பூசிய மெருகை வெடிக்கச் செய்யும். காய்ந்ததும் மரம் சுருங்கும், பூண் ஆடத் தொடங்கும். ஆடிய பூணில் முடி நிற்காது. வரையும்போது தூரிகைக்கு ஓய்வு கொடுக்கவேண்டுமானால் பழைய துணியில் படுக்க வைக்கலாம்.

வேலை முடிந்ததும் சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் கட்டிச் சவர்க்காரம், அவ்வளவுதான். உள்ளங்கையில் சவர்க்காரத்தைத் தேய்த்து அதில் தூரிகையை மெல்லச் சுழற்ற வேண்டும். பூணின் ஓரத்தில் வர்ணம் தங்கும். நுரை வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. பிறகு விரலால் முனையைக் கூட்டிவிட்டுப் படுக்கையாகக் காயவைக்கவேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் மறுபடி பூணுக்குள்தான் இறங்கும். ஜொகூரின் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை, பூஞ்சணம். ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் உறைக்குள்ளோ பென்சில் பெட்டிக்குள்ளோ போட்டு மூடினால் இரண்டு நாளில் நாற்றம் வரும். விலங்கு முடியானால் முடியே கெடும். புதிதாக வாங்கும்போது முனையில் மாட்டியிருக்கும் சிறு பிளாஸ்டிக் குழாயை அன்றே எறிந்துவிடலாம். திரும்ப மாட்டும்போது ஓர முடி சிக்கி மடிந்துபோகும்.

செயற்கை இழைத் தூரிகையின் முனை வளைந்துவிட்டால் உடனே குப்பையில் போடவேண்டாம். சூடான நீரில், கொதிநீரில் அல்ல, இழையை மட்டும் சில நொடி நனைத்து எடுத்து, விரலால் முனையைக் கூட்டி, சவர்க்காரம் தடவி ஓர் இரவு அப்படியே விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். காலையில் கழுவிப் பார்த்தும் முனை கூடவில்லை என்றால், கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள். மொட்டையான அந்தத் தூரிகையால் காய்ந்த வர்ணத்தைத் தொட்டுத் தட்டினால் ரப்பர் மரத்தின் பட்டையும் செம்பனை ஓலையும் அப்படியே வரும். பிள்ளைகளுக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும்.